இறக்கிவிட்டுத் திரும்பியவர்கள்: ஹெலிகாப்டர் குழுவினர் பற்றி ஒரு கேள்வியும் சில குறிப்புகளும்

கேள்வி: பாளையங்கோட்டை மாணவர் ஒருவர், 9 அக்டோபர் 2024

1987 அக்டோபரில் திருநெல்வேலியில் இராணுவ ஹெலிகாப்டர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டதாக ஓரிடத்தில் படித்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு சம்பவம் நினைவில்லை. அது எந்த இடம்? இன்னொரு ஐயமும் உண்டு. ஹெலிகாப்டர் ஓட்டியவர்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியவர்கள்தானே? சண்டை போட்டவர்கள் இறங்கியவர்கள். அப்படியிருக்க ஓட்டியவர்களையும் அதே வரிசையில் வைத்துப் பேசுவது ஏன்? விமானப்படையில் இருந்த அண்ணாச்சிமார் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

9 அக்டோபர், இரவு

அது நம்முடைய திருநெல்வேலி இல்லை, தம்பி. யாழ்ப்பாண நகரத்தை ஒட்டி, கொக்குவிலுக்கும் கோண்டாவிலுக்கும் பக்கத்தில் திருநெல்வேலி என்றே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ளவர்கள் பேச்சில் அது தின்னவேலி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அந்த ஊரில்தான் உள்ளது. 1987 அக்டோபர் 11 இரவிலும் 12 அதிகாலையிலும் இந்திய அமைதிப் படை அந்தப் பல்கலைக்கழக மைதானத்தில் எம்ஐ-8 ஹெலிகாப்டர்களிலிருந்து ஆட்களை இறக்கியது. நீங்கள் படித்ததில் ஒரு பிழை உண்டு. அந்த மைதானத்தில் ஹெலிகாப்டர் எதுவும் வீழ்த்தப்படவில்லை. குண்டுகள் பட்டன, பட்டபடியே அவை யாழ்ப்பாணத்துக்கு வடக்கே உள்ள பலாலி விமானத் தளத்துக்குத் திரும்பின.

இரண்டாவது கேள்விக்கு இன்று இரவே பதில் எழுத முடியாது. ‘இறக்கிவிட்டுத் திரும்பியவர்கள்தானே’ என்பதில் உள்ள அந்தத் ‘தானே’ எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

10 அக்டோபர்

நான் 1990-இல் விமானப்படையில் சேர்ந்து, பதினேழு ஆண்டுகள் எம்ஐ-8, எம்ஐ-17 ஆகியவற்றின் உடல் பகுதியைப் பராமரிக்கும் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக இருந்தவன். விமானியாக இருந்ததில்லை. பறப்பதற்கு முன்னும் பறந்து வந்த பின்னும் இயந்திரத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. ஆகவே ஓட்டுவதன் அனுபவத்தை நான் எழுத முடியாது. ஓட்டுபவருக்கு என்னென்ன செய்ய முடியாமல் போகிறது என்பதை எழுத முடியும்.

ஹெலிகாப்டர் தரையை நெருங்கும்போது விமானியின் வலக்கை, எந்தப் பக்கம் போவது என்று சாய்க்கும் சைக்ளிக் தடியில் இருக்கும், இடக்கை, மேலே ஏற்றி இறக்கும் கலெக்டிவ் நெம்புகோலில் இருக்கும், இரு கால்களும் மிதிகளில் இருக்கும். நான்கில் எதையும் எடுக்க முடியாது. சுடப்பட்டால் தரையில் நிற்கும் சிப்பாய் படுத்துக்கொள்கிறான், வரப்புக்குப் பின்னால் உருள்கிறான், திருப்பிச் சுடுகிறான். விமானிக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் துணை விமானி தன் கைகளைக் கட்டுப்பாடுகளின் மேல் தொட்டும் தொடாமலும் வைத்திருப்பார். முதலாமவர் குண்டு பட்டுச் சாய்ந்தால் அந்த நொடியிலேயே பிடித்துக்கொள்வதற்காக அந்த ஏற்பாடு. எந்த நினைப்போடு அந்தக் கைகள் அங்கே இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

உயரத்தில் பறக்கும்போது என்ஜின் நின்றுபோனால் காற்றே பிளேடுகளைச் சுழற்ற, ஓரளவு பத்திரமாகத் தரைக்கு வந்துவிடலாம். ஆட்டோரொட்டேஷன் என்பார்கள். அதற்கு உயரம் வேண்டும், இல்லையென்றால் வேகம் வேண்டும். ஆட்களை இறக்கப் போகும் ஹெலிகாப்டர் கடைசி நொடிகளில் இரண்டையும் கைவிட்டுத்தான் தரைக்கு வருகிறது. எந்த நேரத்தில் அதைச் சுடுவது எளிதோ, அதே நேரத்தில்தான் அதற்குத் தப்பும் வழியும் அடைபட்டிருக்கிறது.

எம்ஐ-8-இன் பிரதானச் சுழலிக்கு ஐந்து பிளேடுகள், விட்டம் 21 மீட்டருக்குச் சற்று மேல். ஒவ்வொரு பிளேடின் உள்தண்டும் உட்குழிவானது. அதற்குள் அழுத்தக் காற்று அடைத்திருப்பார்கள். எங்காவது விரிசலோ துளையோ விழுந்தால் காற்று இறங்கிவிடும், அடிப்பகுதியில் உள்ள சிறிய காட்டியில் சிவப்பு தெரியும். ஒவ்வொரு காலையும் ஏணியில் ஏறி ஐந்து காட்டிகளையும் பார்ப்பேன். சிவப்பு தெரிந்தால் அந்த இயந்திரம் பறக்காது. போரில் அந்தச் சிவப்பு ஆகாயத்திலேயே தோன்றிவிடலாம், ஏணி போட்டுப் பார்ப்பதற்குத்தான் ஆள் இருக்காது.

10 அக்டோபர், இரவு

படம் ஒன்றை இணைத்து, பலாலியில் அந்த இரவு எடுக்கப்பட்டதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எம்ஐ-8 மாதிரிதான் தெரிகிறது. இருக்கலாம்.

11 அக்டோபர்

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வால் சுழலி இடப்பக்கம் இருக்கிறது. எம்ஐ-8-க்கு அது வலப்பக்கம் இருக்கும். இடப்பக்கம் இருந்தால் எம்ஐ-17. பல்கலைக்கழக மைதானத்துக்குப் போனவை எம்ஐ-8 ஆகையால் இந்தப் படம் அவற்றுடையது ஆகாது. பதினேழு ஆண்டு அந்த வால்களுக்குக் கீழே நின்றவன் முதல் பார்வையிலேயே இதைக் கண்டிருக்க வேண்டும்.

12 அக்டோபர்

இன்றோடு 37 ஆண்டுகள். ஆகவே இன்று அந்த இரவைப் பற்றியே எழுதுகிறேன்.

விடுதலைப் புலிகளின் தலைமையைப் பல்கலைக்கழகப் பகுதியில் வளைத்துப் பிடிப்பது திட்டம். 10ஆம் பாரா கமாண்டோ பிரிவினர் நூற்றுக்குச் சற்று மேற்பட்டோரும், அவர்களுக்குப் பின்னால் 13ஆம் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி வீரர்களும், பலாலியிலிருந்து நான்கு எம்ஐ-8களில் மாறி மாறிக் கொண்டுவரப்பட வேண்டும். மைதானத்தின் அளவோ ஒரே நேரத்தில் இரண்டு ஹெலிகாப்டர்கள் இறங்குவதற்கே போதுமானது. எதிரில் இருந்தவர்கள் வானொலிப் பேச்சை முன்பே ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். முதல் நடையிலேயே சூடு தொடங்கியது.

இங்கேதான் தம்பியின் ‘தானே’க்கு என் பதில் இருக்கிறது. முதல் நடைக்குப் போனவர்களுக்கு மைதானம் எப்படி இருக்கும் என்று தெரியாது. இரண்டாவது நடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பலாலியில் இறங்கி, அடுத்த குழு ஏறும் வரை அந்த இருக்கையிலேயே அமர்ந்திருந்து, எந்த இடத்திலிருந்து சுட்டார்கள் என்று அறிந்த அதே மைதானத்துக்குத் திரும்பப் போவதை ‘இறக்கிவிட்டு வருவது’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறங்கிய வீரனுக்கு ஒரு முறை இறங்குவதோடு அந்த வேலை முடிந்தது. கொண்டுபோனவருக்கு அது ஒவ்வொரு நடையிலும் புதிதாகத் தொடங்கியது.

பிறகு ஹெலிகாப்டர்கள் துளைபட்டு வந்தன, நடைகள் நிறுத்தப்பட்டன. அதற்குள் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியில் 30 பேர் மட்டுமே இறங்கியிருந்தார்கள். மற்றவர்கள் பலாலியிலேயே நின்றுவிட்டார்கள். அந்த 30 பேரில் 29 பேர் மாண்டார்கள், ஒருவர் பிடிபட்டார். கமாண்டோக்களை மீட்க இரயில் பாதை வழியாக டாங்கிகள் போக வேண்டியிருந்தது.

நான் சேர்ந்த புதிதில் பராமரித்த ஓர் எம்ஐ-8-இன் வால் தண்டில், தகடு வைத்து ரிவெட் அடித்த ஒட்டுகள் சில இருந்தன. இலங்கையில் பட்டவை என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். இடப்பக்கத்து ஒட்டுகள் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரியவை, அவற்றுக்கு நேர் எதிரே வலப்பக்கத்தில் இருந்தவை உள்ளங்கை அகலம். குண்டு நுழையும் இடத்தில் துளை சிறியதாக இருக்கும், வெளியேறும் இடத்தில் தகட்டைக் கிழித்துக்கொண்டு போகும். ஆகவே அந்த இயந்திரம் எந்தப் பக்கத்திலிருந்து சுடப்பட்டது என்பதை ஒட்டுகளைத் தடவியே சொல்லிவிடலாம். வண்ணம் பூசிய பிறகும் ரிவெட் தலைகள் கட்டைவிரலுக்குத் தட்டுப்படும். வாரம் ஒரு முறை அந்த வாலைத் துடைப்பேன். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் கை நின்றுவிடும்.

13 அக்டோபர்

நேற்றைய குறிப்பில் ஒரு பக்கம் மட்டுமே இருந்தது. அதைப் படித்துவிட்டு, எங்கள் வட்டாரத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமில் வசிக்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அந்த நாளில் அவர் கோண்டாவில் பக்கம் குடியிருந்தவர். இரவு முழுவதும் குடும்பத்தோடு தரையில் படுத்துக் கிடந்ததாகச் சொன்னார். விளக்கில்லாத ஹெலிகாப்டர்கள் கூரைக்கு மேலே தாழப் போவதும் வருவதுமாக இருந்த ஒலியை எண்ணிக்கொண்டே இருந்தாராம். ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்த ஒலி நின்றுவிட்டது. துப்பாக்கிச் சத்தம் மட்டும் விடிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது. “இனி வரமாட்டாங்கள், இறங்கினவங்களை விட்டுட்டுப் போட்டாங்கள் எண்டு எங்களுக்கு அப்பவே விளங்கீட்டுது” என்றார்.

அவர் அந்தச் சிப்பாய்களுக்காக இரங்கிப் பேசவில்லை. அந்த நாட்களில் அவருடைய உறவினர் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். ஆயுதம் எதுவும் எடுக்காத மக்கள் அவர்கள். அவரிடம் போய் விமானியின் துணிச்சலைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. இருந்தாலும் நான் நேற்று எழுதியதை அழிக்கப் போவதில்லை. இரண்டும் ஒரே இரவில், ஒரே ஊரில் நடந்தவை.

14 அக்டோபர்

உண்மையிலேயே வீழ்த்தப்பட்ட குழுக்களைப் பற்றி எழுதுங்கள் என்று மாணவத் தம்பி கேட்கிறார். அதற்கு வியட்நாமுக்குப் போக வேண்டும்.

1963 ஜனவரி 2. சைகோனுக்குத் தென்மேற்கே, மேகாங் ஆற்றுப் படுகையில் உள்ள ஆப் பாக் என்ற சிற்றூர். தென் வியட்நாமிய வீரர்களை அமெரிக்கக் குழுவினர் ஓட்டிய பத்து சிஎச்-21 ஹெலிகாப்டர்கள் கொண்டுவந்தன. முன்னும் பின்னும் இரண்டு சுழலிகள் கொண்டு, நடுவில் வாழைப்பழம் போல் வளைந்த பெரிய உடல் அவற்றுக்கு. காவலுக்கு ஐந்து ஹியூ ஹெலிகாப்டர்கள் வந்தன. வாய்க்கால் கரையில், மரங்களுக்கு அடியில், தென் வியட்நாம் அரசை எதிர்த்துப் போரிட்ட வியட்காங் போராளிகள் ஏறத்தாழ 350 பேர் குழி தோண்டி அமர்ந்திருந்தார்கள். பறக்கும் இயந்திரத்தைச் சுட அதற்கு முன்னால் எவ்வளவு தள்ளிக் குறிவைக்க வேண்டும் என்று அவர்கள் பயிற்சி பெற்றிருந்தார்கள். ஆனால் ஹெலிகாப்டர்கள் அந்த மரவரிசைக்குச் சுமார் 200 மீட்டரில் இறங்கி நின்றுவிட்டன. நிற்பதைச் சுட முன்னால் தள்ளிக் குறிவைக்கத் தேவையே இல்லை.

இறங்கிய இடம் நீர் கட்டிய நெல்வயல். தாமிரபரணிக் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பிசானத்துக்குத் தொழியடித்துப் போட்ட வயலில் வேகமாக ஓடச் சொன்னால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். கால் போகும், ஆள் போகமாட்டான். கதவிலிருந்து குதித்த வீரர்கள் தொழியில் புதைந்து நின்றார்கள். அவர்கள் இறங்கி முடிக்கும் வரை இயந்திரங்களும் நின்றன.

ஒரு சிஎச்-21 கிளம்ப முடியாதபடி அடிபட்டது. அதன் குழுவைத் தூக்கிவர இன்னொன்று இறங்கியது. அதுவும் கிளம்பவில்லை. இரு குழுக்களையும் மீட்க ஒரு ஹியூ வந்தது. சூடுபட்டு, கவிழ்ந்து, வயலில் விழுந்து நொறுங்கியது. அன்றைக்குப் போன பதினைந்தில் பதினான்கு ஹெலிகாப்டர்கள் குண்டு பட்டன, ஐந்து இழக்கப்பட்டன. அமெரிக்கர் மூவர் இறந்தார்கள். தென் வியட்நாமிய வீரர்கள் ஏறத்தாழ 80 பேர்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நடை நிறுத்தப்பட்டதால் 30 பேர் தனித்து விடப்பட்டார்கள். ஆப் பாக்கில் மீண்டும் மீண்டும் இறங்கியதால் இழப்பு கூடிக்கொண்டே போனது. போனாலும் சாவு, போகாவிட்டாலும் சாவு என்ற இடத்தில், தம் தோழர்கள் கிடக்கும் இடத்துக்குப் போன அந்த ஹியூ குழுவை நான் மனத்தில் மிக உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறேன்.

16 அக்டோபர்

வள்ளியூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் என் 14ஆம் தேதிக் குறிப்பை மறுத்து எழுதியிருக்கிறார். காலாட்படையில் இருந்தவர், இறக்கிவிடப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து பேசுகிறார். அவர் சொல்வதன் சாரம் இது: “அண்ணாச்சி, இரண்டாவது முறை போவது பெரிது என்கிறீர்கள். ஆப் பாக்கில் இரண்டாவதும் மூன்றாவதுமாகப் போனதால் யாரும் காப்பாற்றப்படவில்லை. விழுந்தவற்றைப் பாதுகாப்பதே அந்த நாளின் சண்டையாகிவிட்டது. நிறுத்துவதற்கும் துணிவு வேண்டும்.”

இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போவதே உயர்வு என்ற தொனியில் நான் எழுதியது, நிறுத்தியவர்களைக் குறைத்துப் பேசியதாகவும் படும். அந்தத் தொனியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நிறுத்துவதா, தொடர்வதா என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் அந்த இருக்கையில் அமர்ந்திருப்பவர் அல்லர், தளத்தில் வரைபடத்துக்கு முன்னால் நிற்பவர். குழுவினருக்கு ஆணை வருகிறது, போகிறார்கள். ஆணை நிற்கிறது, நிற்கிறார்கள். நின்ற பிறகு, தாம் கொண்டுபோய் விட்டுவந்த முப்பது பேரின் முகம் அவர்களுக்கு நினைவிருக்கும். ஏறும்போது ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து உள்ளே இழுத்துவிட்டவர் கதவருகில் இருந்தவர் அல்லவா?

ஆனால் அவருடைய கருத்தை முழுவதும் ஏற்கவும் என்னால் முடியவில்லை. 1965 நவம்பர் 14 அன்று இயா டிராங் பள்ளத்தாக்கில், சூடு கடுமையாகி, காயம்பட்டவர்களைத் தூக்கும் ஹெலிகாப்டர்கள் வர மறுத்த பிறகு, புரூஸ் கிராண்டல், எட் ஃபிரீமன் என்ற இரு விமானிகள் காவல் ஆயுதம் இல்லாத ஹியூக்களில் நாள் முழுவதும் திரும்பத் திரும்ப அந்த வெளியில் இறங்கினார்கள். தோட்டாக்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், காயம்பட்டவர்களை ஏற்றிவந்தார்கள். எழுபது பேர் வரை அப்படிப் பிழைத்தார்கள். அவர்களுடைய நாட்டின் மிக உயர்ந்த வீர விருது ஃபிரீமனுக்கு 2001-இலும் கிராண்டலுக்கு 2007-இலும்தான் கிடைத்தது. அந்த எழுபது பேரிடம் கேட்டால் சுபேதாருக்கு வேறு விடை கிடைத்திருக்கும்.

17 அக்டோபர்

எண்ணிக்கை கேட்டவருக்கு: வியட்நாம் போரில் ஏறத்தாழ 12,000 அமெரிக்க ஹெலிகாப்டர்கள் பறந்தன, 5,000-க்கும் மேற்பட்டவை அழிந்தன. இறந்த விமானிகளும் மற்றக் குழுவினரும் சேர்த்து ஏறத்தாழ 4,900 பேர். இதில் விமானிகளைவிட மற்றக் குழுவினரே அதிகம். 1971 மார்ச் 3 அன்று லாவோஸில் லோலோ என்று பெயரிட்ட ஒரே இறங்குதளத்தில் மட்டும் 11 ஹெலிகாப்டர்கள் வீழ்ந்தன, 44 அடிபட்டன.

18 அக்டோபர்

நேற்று எழுதிய ஒரு வாக்கியம் என்னை விடவில்லை. விமானிகளைவிட மற்றக் குழுவினரே அதிகம்.

ஹியூவில் நால்வர். முன்னால் இரு விமானிகள், பின்னால் கதவருகே ஆளுக்கொரு பக்கம் இருவர். விமானிகளுக்குக் கவசத் தகடு பொருத்திய இருக்கை உண்டு. பின்னால் இருப்பவர்களுக்குத் திறந்த கதவும் இயந்திரத் துப்பாக்கியும் மார்புக் கவசமும்தான். அந்த இருவரில் ஒருவர் க்ரூ சீஃப், அதாவது அந்த இயந்திரத்தைப் பராமரிப்பவர். பகலில் தான் திருகிய போல்ட்டுகளை நம்பி அவரே அதில் ஏறிப் போகிறார். மாலையில் திரும்பி வந்தால், பட்ட துளைகளை அவரே அடைக்கிறார், தரையில் உறைந்த குருதியையும் அவரே கழுவுகிறார்.

நான் ஃபிட்டர். நான் கையெழுத்திட்டு அனுப்பிய இயந்திரங்களில் நான் போனதில்லை. நமது எம்ஐ-8-இல் விமானிகளோடு ஃபிளைட் இன்ஜினியர் போவார், ஃபிளைட் கன்னர் போவார். நாங்கள் தளத்தில் நின்று எண்ணுவோம். மலைப்பகுதித் தளம் ஒன்றில் நான் இருந்த ஆண்டில் ஒரு நாள் மூன்று போயின, இரண்டு வந்தன. மூன்றாவது தாமதமாகும் என்று மட்டும் சொன்னார்கள். காரணம் சொல்லவில்லை. அன்று காலை அதன் வால் சுழலி இணைப்பைப் பரிசோதித்தவன் நான். ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பிணையூசியை மாட்டினேனா, மாட்டினேனா என்று மனத்துக்குள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தேன். மேகம் இறங்கியதால் வழியில் தரையிறங்கிக் காத்திருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஃபிளைட் இன்ஜினியர் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தம் குடுவையிலிருந்த தேநீரை ஊற்றித் தந்தார்.

வந்துவிட்ட ஹெலிகாப்டருக்கே அந்த ஒரு மணி நேரம் அப்படி இருந்தது என்றால், வராதவற்றின் தளங்களில் நின்றவர்களைப் பற்றி நான் என்ன எழுதுவேன்?

20 அக்டோபர்

கார்கிலில் 1999 மே 28 அன்று வீழ்த்தப்பட்ட எம்ஐ-17-ஐ நான் ஏன் விட்டுவிட்டேன் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். அது ஆட்களை இறக்கும் பணியில் போனது அல்ல. டோலோலிங் பகுதியில் மலைமுகட்டு நிலைகள் மேல் ராக்கெட் வீசப் போன அணியில் ஒன்று. ஆகவே இந்த இழையின் பொருளுக்குச் சற்று வெளியே நிற்கிறது என்று விட்டேன். வெளியே நிறுத்தியதும் சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது.

தோளில் வைத்து ஏவும் ஏவுகணை ஒன்று அதைத் தாக்கியது. அந்த ஏவுகணை வெப்பத்தைத் தேடி வருவது. என்ஜினைவிடச் சூடான எரிசுடர்களை வெளியே உதிர்த்து அதைத் திசைதிருப்பலாம். அணியில் மற்றவற்றுக்கு அந்தச் சுடர் உதிர்க்கும் கருவி இருந்தது, இதற்கு இல்லை. ஸ்குவாட்ரன் லீடர் புண்டீர், ஃபிளைட் லெப்டினன்ட் முகிலன், சார்ஜெண்டுகள் பிரசாத், சாகு ஆகிய நால்வரும் மாண்டார்கள். அதன் பிறகு அந்தப் போரில் எம்ஐ-17களைத் தாக்குதல் பணிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள்.

அப்போது நான் வேறொரு தளத்தில் இருந்தேன். செய்தி வந்த மாலை ஹேங்கரில் யாரும் பேசவில்லை. நாங்கள் தினமும் தொடும் அதே வகை இயந்திரம். பட்டியலில் ‘முகிலன்’ என்ற பெயரைப் படித்ததும் எழுந்து வெளியே போய்விட்டேன். முன்பின் பார்த்திராதவர், ஆனால் நம் வீட்டுப் பிள்ளைக்கு வைக்கும் பெயர்.

கருவி இல்லாத ஒன்று அணியில் ஏன் போனது என்ற கேள்வியில் எனக்கு இன்றும் ஆறாத கோபம் உண்டு. கருவி பொருத்துவது விமானியின் வேலை அல்ல. தரையில் நிற்கும் எங்களைப் போன்றோரின் கையிலும், எங்களுக்குக் கருவி வாங்கித் தருவோரின் கையிலும் இருப்பது அது.

21 அக்டோபர்

இப்போதும் இப்படி நடக்கிறதா என்பவருக்கு: 2005 ஜூன் 28 அன்று ஆப்கானிஸ்தானின் குனார் மலைகளில், சிக்கிக்கொண்ட நால்வர் குழுவுக்கு உதவப் போன சினூக் ஹெலிகாப்டர் ராக்கெட் குண்டு பட்டு விழுந்தது. அதில் இருந்த 16 பேரும் இறந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் ஹெலிகாப்டர் படைப்பிரிவினர். 2011 ஆகஸ்ட் 6 அன்று வார்தக் மாகாணத்தில் மற்றொரு சினூக், 38 பேர். இரண்டும் ஏற்கெனவே தரையில் இருந்தவர்களுக்குத் துணைசெய்யப் புறப்பட்டவை.

23 அக்டோபர்

2023 டிசம்பர் வெள்ளத்தை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய இரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. அப்போது நான் ஆற்றோரத்தில் உள்ள மைத்துனர் வீட்டு மொட்டை மாடியில், மழையில் நனைந்த பதினோரு பேரோடு நின்றிருந்தேன். விமானப்படை ஹெலிகாப்டர் ஒன்று வந்து தெருவுக்கு மேலே நின்று உணவுப் பொட்டலங்களை இறக்கியது. கதவருகே ஒருவர் ஒற்றை முழங்காலில் அமர்ந்து, இடுப்பில் வாரோடு வெளியே குனிந்து, கீழே பார்த்துக் கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். பிளேடுக் காற்றில் பக்கத்து வீட்டுத் தகரம் பறந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அது அசையாமல் நிற்பதைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

நான் மட்டும் மனத்துக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது நொடிக்கு மேல் நின்றது. சுடுவதற்கு யாரும் இல்லாத ஊரில்கூட, அவ்வளவு தாழ்வாக அவ்வளவு நேரம் அது நின்றபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. போரில் அந்த நிற்றல் எப்படி இருந்திருக்கும் என்று ஏட்டறிவைக் கடந்து எனக்குப் புரிந்தது அந்த மொட்டை மாடியில்தான்.

27 அக்டோபர், ஞாயிறு

மாணவத் தம்பி இன்று எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். கிணற்றுப் பாசனத்தில் முன்கூட்டியே தொழியடித்துப் போட்டிருந்த எங்கள் வயலுக்கு அழைத்துப் போனேன். வயலின் மேல்கோடியிலிருந்து கீழ்ப்பக்கத்துப் பனைவரிசை வரை அளந்தால் ஏறக்குறைய 200 மீட்டர் வருகிறது. ஆப் பாக்கில் ஹெலிகாப்டருக்கும் மரவரிசைக்கும் இருந்த தூரம். தோளில் இருபது கிலோ அரிசி மூட்டையைக் கொடுத்து, வரப்பிலிருந்து தொழிக்குள் குதித்துப் பத்து அடி தள்ளிப் போய்ப் படுக்கச் சொன்னேன். முதல் அடியிலேயே செருப்பு சேற்றில் தங்கிவிட்டது. முழங்கால் வரை புதைந்து, மூட்டையோடு ஒருபுறம் சாய்ந்து, ஒருவாறு போய்ப் படுக்கும்போது என் கைக்கடிகாரத்தில் பத்தொன்பது நொடி ஆகியிருந்தது. பின்னால் தள்ளுவதற்கு ஆள் இல்லை, இருட்டு இல்லை, யாரும் சுடவில்லை. எம்ஐ-8-இல் 24 பேர் வரை ஏறுவார்கள் என்று நினைவூட்டினேன்.

அவர் சேற்றோடு எழுந்து நின்று பனைகளையே சிறிது நேரம் பார்த்தார். “பனைக்கு அடியில் நிற்பவர் முகம்கூடத் தெரிகிறதே, அண்ணாச்சி” என்றார். ஆட்டுக்குக் கிளை ஒடித்துக்கொண்டிருந்த எங்கள் பக்கத்து வயல்காரர் அங்கே நின்றிருந்தார்.

வாய்க்காலில் கால் கழுவும்போது கேட்டார்: “அத்தனை பேரும் இறங்கி முடிக்கும் வரை விமானி எங்கே பார்த்துக்கொண்டிருப்பார்?”

முன்னால்தான், தம்பி. இயந்திரம் ஆடாமல் நிற்க, எதிரே அசையாத ஏதாவது ஒன்றில் கண்ணை நிறுத்த வேண்டும். இப்படிப்பட்ட வயலில் அப்படி அசையாமல் இருப்பது அந்த மரவரிசைதான். சூடு அங்கிருந்துதான் வரும், அவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பின்னால் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று திரும்பிப் பார்க்க அவருக்கு வழியில்லை. கடைசி ஆளும் இறங்கிவிட்டான் என்று கதவருகில் இருப்பவர் சொல்லும் குரல் காதில் விழும் வரை இடக்கை கலெக்டிவை உயர்த்தாது.